சுட்டிகளின் அளவு: இணைய எழுத்தில் பிற தளங்களைக் காட்டும் மரபு குறித்த ஓர் ஆய்வு

இணையத்தில் எழுதும் ஒருவர் தம் கட்டுரையிலிருந்து பிற தளங்களுக்கு எத்தனை சுட்டிகள் தரலாம் என்ற வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. இத்தனை சொல்லுக்கு இத்தனை சுட்டி என்று எண் வகுப்போர் உள்ளனர். வந்த வாசகரை வெளியே அனுப்பலாகாது என்று சுட்டியையே தவிர்ப்போர் உள்ளனர். தேடுபொறியின் நன்மதிப்பை நாடிப் பெயர்பெற்ற தளங்களுக்குத் தேவையின்றியும் சுட்டி தருவோரும் உள்ளனர். இம்மூன்று நிலைப்பாடுகளும் எவ்வாறு தோன்றின என்பதை வரலாறு, தேடுபொறி, வாசிப்பு, நிலைப்பு, சட்டம் ஆகிய கோணங்களிலிருந்து ஆராயும் இக்கட்டுரை, சுட்டியின் அளவைக் கட்டுரையின் நீளமோ தேடுபொறியின் போக்கோ தீர்மானிக்க இயலாது என்றும், எழுதுபவர் வாசகருக்குக் காட்டக் கடமைப்பட்ட சான்றே அதைத் தீர்மானிக்கிறது என்றும் நிறுவ முயல்கிறது.

சுட்டியின் தோற்றம்

ஓர் ஆவணத்தில் உள்ள சொல்லையோ படத்தையோ தொட்டவுடன் வேறோர் ஆவணத்துக்குக் கொண்டு செல்லும் தொடர்பே இங்குச் சுட்டி எனப்படுகிறது. இதன் கருத்து வடிவம் கணினி வலைக்கும் முந்தியது. அமெரிக்க அறிவியலாளர் வானிவர் புஷ் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஓர் ஆவணத்திலிருந்து தொடர்புடைய மற்றோர் ஆவணத்துக்குத் தடம் அமைத்துச் செல்ல உதவும் மெமெக்ஸ் என்ற கற்பனைக் கருவியை விவரித்தார். 1960களில் டெட் நெல்சன் இத்தகைய எழுத்துமுறைக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் எனப் பெயரிட்டார். தமிழில் அது மீயுரை எனப்படுகிறது. ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்தின் வழியாகவே உலகளாவிய வலை உருப்பெற்றது.

நெல்சனின் கனவிலும் பெர்னர்ஸ்-லீயின் ஆக்கத்திலும் சுட்டிக்கு இருந்த இடம் வேறுவேறானது என்பது பின்வரும் விவாதங்கள் அனைத்துக்கும் அடிப்படையாகும். சனடு என்று பெயரிடப்பட்ட நெல்சனின் அமைப்பில் சுட்டி இருவழியாக இயங்கும். எந்த ஆவணத்தை யார் சுட்டியுள்ளார் என்பது இரு முனைகளிலும் பதிவாகி, தொடர்பு அறுபடாமல் காக்கப்படும். பெர்னர்ஸ்-லீயின் வலையிலோ சுட்டி ஒருவழிப்பட்டது; சுட்டப்படும் தளத்தின் இசைவையோ அறிவையோ அது வேண்டுவதில்லை. எவரும் எவரையும் கேளாமல் சுட்டலாம் என்ற இந்த எளிமையால்தான் வலை உலகெங்கும் பரவியது. சுட்டப்பட்ட பக்கம் நீக்கப்பட்டால் சுட்டியவருக்குத் தகவல் எட்டாது என்ற குறையும் அதே எளிமையிலிருந்து பிறந்தது.

பிறர் எழுத்தைக் காட்டும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று. மேலைநாட்டு வரலாற்றெழுத்தில் அடிக்குறிப்பு வளர்ந்த கதையை அந்தனி கிராஃப்டன் 1997இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். தமிழ் உரையாசிரியர்கள் தம் கருத்துக்கு அரணாக முன்னோர் செய்யுள்களை மேற்கோள் காட்டினர். அவற்றுள் மூலநூல் மறைந்துபோன செய்யுள்கள் பல. ஐம்பெருங்காப்பியங்களுள் எண்ணப்படும் வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. எழுபதை ஒட்டிய அதன் செய்யுள்கள் இன்று எஞ்சியிருப்பதற்குப் புறத்திரட்டு என்ற தொகைநூலும் உரைமேற்கோள்களுமே காரணம். நூலின் பெயரை மட்டும் சொல்லாமல் செய்யுளையே எடுத்தாண்டதால்தான் அவை பிழைத்தன என்பது, சுட்டியின் நிலைப்பைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும் செய்தியாகும்.

தொடக்ககால இணையக் குறிப்பேடுகளில் அளவு என்ற வினாவுக்கே இடமிருக்கவில்லை. ஜோர்ன் பார்கர் 1997இல் வெப்லாக் என்ற பெயரை வழங்கியபோது, அன்றன்று வலையில் படித்தவற்றைச் சிறு குறிப்போடு சுட்டிக்காட்டும் நாட்பதிவையே அது குறித்தது. அங்குச் சுட்டிதான் உள்ளடக்கம், எழுதியவரின் சொற்கள் அதற்கு முன்னுரை. தமிழிலும், 2004இல் தொடங்கப்பட்ட தமிழ்மணம் போன்ற திரட்டிகள், பல இடங்களில் சிதறிக் கிடந்த புதிய எழுத்துகளை ஒரே பக்கத்தில் சுட்டிகளாகத் தொகுத்தளித்ததால்தான், ஒருவரையொருவர் அறியாத எழுத்தாளர்களும் வாசகர்களும் ஒருங்கே கூட முடிந்தது.

சுட்டி விலைபெற்றமை

சுட்டியை எண்ணிப் பார்க்கும் மனநிலை தேடுபொறியின் வரவோடு பிறந்தது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் சுட்டி தருகின்றன என்பதையும், அவ்வாறு சுட்டும் பக்கங்களின் மதிப்பு எத்தகையது என்பதையும் கொண்டு அப்பக்கத்தின் முக்கியத்துவத்தைக் கணித்தது. ஆய்விதழ்களில் எந்தக் கட்டுரை எத்தனை முறை மேற்கோளாகக் காட்டப்பட்டது என்பதைத் தொகுத்து யூஜின் கார்ஃபீல்ட் 1964 முதல் வெளியிட்டு வந்த அறிவியல் மேற்கோள் அட்டவணையின் மரபில் வந்த சிந்தனை இது. வாசகருக்கு வழிகாட்ட ஒருவர் இட்ட சுட்டி, அவரறியாமலே மற்றொருவருக்கு அளித்த வாக்காக எண்ணப்பட்டது.

வாக்குக்கு மதிப்பு வந்தவுடன் அதை விலைக்கு வாங்குவோரும் வந்தனர். பிறர் பக்கங்களின் பின்னூட்டப் பகுதிகளில் தம் தள முகவரிகளை எந்திரத்தால் கொட்டும் எரிதத் தொல்லை பெருகவே, 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகிய நிறுவனங்கள் நோஃபாலோ என்ற குறியீட்டை ஏற்றன. அக்குறியீடு இடப்பட்ட சுட்டி வாசகருக்கு வழிகாட்டுமேயன்றித் தேடுபொறியின் கணக்கில் வாக்காகாது. ஆங்கில விக்கிப்பீடியா 2007இல் தன் வெளிச்சுட்டிகள் அனைத்துக்கும் இதை விதித்தது. விலைக்கு வாங்கிய சுட்டிகளால் உயர்ந்த தளங்களைத் தாழ்த்தும் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் 2012 ஏப்ரலில் கொண்டுவந்தது. விளம்பரச் சுட்டிகளுக்கும் பயனர்கள் இட்ட சுட்டிகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் 2019இல் அறிமுகமாயின.

இச்சூழலில் எண் பற்றிய நம்பிக்கைகள் எவ்வாறு வேரூன்றின என்பதற்கு ஒரு சான்று போதும். ஒரு பக்கத்தில் உள்ள சுட்டிகள் நூற்றுக்கும் குறைவாக இருக்கட்டும் என்று கூகுளின் பழைய வழிகாட்டுதல் கூறியது. பக்கத்தின் முதல் நூறு கிலோபைட் அளவை மட்டுமே அன்றைய தேடுபொறி படித்துப் பதிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அந்நிறுவனத்தின் பொறியாளர் மேட் கட்ஸ் 2009இல் விளக்கினார். அதற்குள் அந்தத் தொழில்நுட்ப வரம்பு நீங்கிவிட்டபோதும், எண் மட்டும் விதியாக நிலைத்து, கைமாறிக் கைமாறி வந்தது. இன்றைய வழிகாட்டுதலோ, ஒரு பக்கத்துக்குப் பொருத்தமான சுட்டி எண்ணிக்கை என்று எதுவும் இல்லை எனவும், ஆதாரங்களைக் காட்ட வெளித்தளங்களைச் சுட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை எனவும் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பக்கத்தின் மதிப்பு அது சுட்டும் பக்கங்களுக்குப் பங்கிடப்படுகிறது என்ற கணிதத்தைக் கேள்விப்பட்டு, சுட்டினால் தம் தளத்தின் மதிப்பு கரைந்துவிடும் என்று அஞ்சிச் சான்றுகளை மறைப்போர், வாசகரின் நம்பிக்கையை இழப்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

வாசிப்பும் கவனமும்

சுட்டிகளைக் குறைக்கச் சொல்லும் வாதங்களுள் மதிக்கத்தக்கது வாசிப்பைப் பற்றியதாகும். வரியின் நடுவே நிறம் மாறி நிற்கும் ஒவ்வொரு சொல்லும், தொடுவதா விடுவதா என்ற சிறு முடிவை வாசகரிடம் வேண்டுகிறது. மீயுரை வாசிப்பில் மனத்துக்கு ஏற்படும் சுமை குறித்த ஆய்வுகளைத் தொகுத்து டெஸ்டெஃபானோ, லெஃபெவர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட மதிப்பீடு, இம்முடிவெடுத்தலின் சுமை புரிதலைக் குறைக்கக்கூடும் என்று சுட்டியது. நிக்கோலஸ் கார் 2010இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தை விரித்துரைத்ததோடு, சுட்டிகளைக் கட்டுரையின் இறுதியில் தொகுத்துத் தரலாம் என்றும் பரிந்துரைத்தார். அதே ஆண்டில் இதற்கு மறுமொழி எழுதிய ஸ்காட் ரோசன்பர்க், சுட்டி எழுதுபவரின் நேர்மைக்கும் பொருளின் பின்புலத்துக்கும் உரிய கருவி என்றும், கவனச்சிதறலுக்கு அதைப் பொறுப்பாக்குவது பொருந்தாது என்றும் வாதிட்டார்.

இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், பொருள் வேறுபாட்டைக் கருதினால் இரண்டுக்கும் இடமுண்டு. ஒரு கருத்தைப் படிப்படியாக வளர்த்துச் செல்லும் நீண்ட கட்டுரையில் பத்தியின் நடுவே ஆறேழு சுட்டிகள் இருப்பது சிந்தனையின் ஓட்டத்தை அறுக்கும். அங்கு இறுதித் தொகுப்பே நன்று. ஒரு செய்தியின் உண்மையைச் சோதிக்கும் எழுத்திலோ, சான்று உரிய வரியிலேயே இருந்தாலொழிய எந்தக் கூற்றுக்கு எது ஆதாரம் என்பது தெளிவாகாது.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றும் இங்கு உண்டு. தமிழ்ச் சொற்கள் அமைந்த தள முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாகவும் பெரும்பாலும் மாறிவிடுகிறது. யூனிகோட் முறையில் ஐந்து குறிகளால் ஆன ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே இவ்வாறு நாற்பத்தைந்து எழுத்துகளாக நீள்கிறது. இத்தகைய முகவரியை அப்படியே பத்தியில் ஒட்டினால் கைபேசித் திரையில் நான்கைந்து வரிகளை அது விழுங்கிவிடும். எங்குச் செல்கிறது என்பதும் வாசகருக்கு விளங்காது. ஆகவே, சென்றடையும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை உணர்த்தும் தொடரின்மேல் சுட்டியை அமைப்பதே முறை. ‘இங்கே சொடுக்கவும்’ என்ற தொடரின்மேல் அமைக்கும் சுட்டி, திரைபடிப்பான் என்னும் ஒலிவழி மென்பொருளின் உதவியால் சுட்டிகளை மட்டும் வரிசையாகக் கேட்டுத் தேரும் பார்வைத்திறனற்ற வாசகருக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை.

வெளிவாயில் அடைபடுதல்

சுட்டியே தராத போக்கு தனிமனிதர்களின் விருப்பத்தால் மட்டும் வளர்ந்ததன்று. பெருந்தளங்களின் வடிவமைப்பே அதை ஊக்குவிக்கிறது. இன்ஸ்டாகிராம் இடுகையின் விளக்கக் குறிப்பில் எழுதப்படும் முகவரி சுட்டியாக இயங்குவதில்லை. எக்ஸ் தளம் 2023 அக்டோபரில், பகிரப்படும் செய்திச் சுட்டிகளின் தலைப்புகளைச் சில காலம் மறைத்து, படத்தை மட்டும் காட்டியது. செய்திச் சுட்டிகளுக்காகச் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வகைசெய்யும் சட்டம் கனடாவில் 2023இல் நிறைவேறியபோது, மெட்டா நிறுவனம் அந்நாட்டுப் பயனர்களுக்குச் செய்திகளையே தன் தளங்களில் நிறுத்திவிட்டது.

இம்மாற்றத்தின் அளவை நன்குணர்த்தியவர் ஈரானிய எழுத்தாளர் ஹொசைன் தெரக்ஷான். ஈரானில் இணையவழி எழுத்தைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவரான அவர் 2008இல் கைதாகி, ஆறாண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 2014இல் விடுதலையானார். 2015இல் அவர் எழுதிய கட்டுரை, தாம் சிறைபுகுமுன் வலையின் உயிராக இருந்த சுட்டி, தாம் மீண்டு வந்தபோது மதிப்பிழந்து கிடந்ததை எடுத்துரைத்தது. ஒருவர் மற்றவரைச் சுட்டும்போது, வாசகரைக் கவர்ந்திழுக்கும் அதிகாரம் பலரிடையே பகிரப்படுகிறது என்பதும், எவரும் எவரையும் சுட்டாத இடத்தில் அவ்வதிகாரம் முழுவதும் தளத்தை நடத்தும் நிறுவனத்திடமே சேர்கிறது என்பதும் அவர் வாதத்திலிருந்து பெறத்தக்க படிப்பினைகள். தேடுபொறிகளே செயற்கை நுண்ணறிவால் விடையைத் தொகுத்துத் தரத் தொடங்கியுள்ள இந்நாளில், மூலத்துக்குச் செல்லும் வழியை மனிதர்கள் தம் எழுத்தில் பேணுவது முன்னினும் தேவையாகிறது.

சுட்டிகளின் அழிவு

மிகுதியாகச் சுட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை, சுட்டிகள் அழியும் என்பதாகும். சுட்டிய பக்கம் முற்றிலும் மறைந்து, 404 என்ற பிழைச்செய்தி மட்டும் தோன்றுவது ஒருவகை. முகவரி அப்படியே இருக்க உள்ளடக்கம் மாறிப்போவது மற்றொரு வகை. பின்னதே தீமை மிக்கது; ஏனெனில், எழுதியவர் கண்ட சான்று வேறு, வாசகர் காணும் பக்கம் வேறு என்பதை எவரும் உடனே அறிவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்ற சுட்டிகளுள் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று ஜொனாதன் சிட்ரெய்ன், கென்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோரின் ஆய்வு 2014இல் தெரிவித்தது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்றும், ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களுள் 54 விழுக்காட்டில் குறைந்தது ஒரு மேற்கோள் சுட்டியாவது செயலற்றுள்ளது என்றும் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது.

காரணங்கள் பல. நிறுவனங்கள் சேவைகளை மூடுகின்றன. யாஹூ 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற வலைப்பக்கச் சேவையை மூடியபோது எண்ணற்ற தனிநபர் பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. அரசுத் துறைகள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைக் கைவிடுகின்றன. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் இடையில் ஒரு கண்ணியைக் கூட்டுவதால், அச்சேவை நின்றால் மூலப்பக்கம் நலமாக இருந்தும் வழி அறுகிறது. நல்ல முகவரிகள் மாறலாகாது என்று பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வற்புறுத்தியிருந்தும் நிலைமை இதுவே.

1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்கைவ் வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்து, 2001 முதல் வேபேக் மெஷின் வழியாக எவரும் காண அளிக்கிறது. விக்கிப்பீடியாவில் அறுந்துபோன 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுட்டிகள் இதன் துணையால் மீட்கப்பட்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. எனவே, முதன்மையான சான்று ஒவ்வொன்றையும் சுட்டும்போதே அதன் படியைச் சேமித்து வைப்பதும், சான்றின் சாரத்தையோ உரிய வரியையோ கட்டுரையிலேயே தருவதும், வெளியிட்டவர் பெயரையும் நாளையும் குறிப்பதும் கடமையாகின்றன. தொகுத்தோரும் உரையாசிரியர்களும் செய்யுளையே எடுத்தாண்டதால் வளையாபதியின் பகுதிகள் பிழைத்தது போல, சுட்டி அறுந்தாலும் சான்றின் உடல் எஞ்ச வேண்டும்.

சட்டமும் அறமும்

பிறர் தளத்தைச் சுட்ட இசைவு பெற வேண்டுமா என்ற ஐயத்துக்கு நீதிமன்றங்கள் சில விடையளித்துள்ளன. ஒரு பக்கத்தைச் சுட்டுவது மட்டுமே அதிலுள்ள அவதூறை வெளியிட்டதாகாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. எவரும் தடையின்றிக் காணும் வண்ணம் உரிமையாளர் இசைவோடு வெளியான பக்கத்தைச் சுட்டுவது பதிப்புரிமை மீறலன்று என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் கூறியது. ஆயினும், உரிமையாளர் இசைவின்றி வெளியானதை ஊதியம் கருதிச் சுட்டுபவர் அதன் சட்டவிரோதத் தன்மையை அறிந்தவராகவே முற்கொள்ளப்படுவார் என்று 2016இல் வரம்பு கட்டியது. திருட்டுப் படங்களுக்கும் நூல்களுக்கும் சுட்டி தருவதை, சுட்டிதானே என்று எளிதாகக் கொள்வதற்கில்லை.

விற்பனையில் பங்கு தரும் சுட்டிகள் தனிவகை. வாசகர் அதன்வழிச் சென்று பொருளை வாங்கினால் எழுதியவருக்குத் தரகு கிடைக்கும். இத்தகைய தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டுதல் கூறியது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2021இலும், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும் இணையச் செல்வாக்காளர்களுக்கு இதே கடப்பாட்டை விளக்கி வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. தரகு தரும் சுட்டி ஒன்றேயாயினும் அறிவிப்பின்றித் தந்தால் அது மிகுதி. சான்று காட்டும் சுட்டி இருபதாயினும் தேவைப்பட்டால் அது மிகுதியாகாது.

அளவுகோல்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கண்டவற்றை நடைமுறையில் பொருத்திப் பார்க்க, குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறப்பதைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொள்ளலாம். அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும், அதன் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும் பலரும் அறிந்தவை, மாறாதவை. அவற்றுக்குச் சுட்டி தருவது விருப்பத்தைப் பொறுத்தது. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்ற எண்ணைக் கொண்டு கட்டுரை ஏதேனும் கணக்கிடுமாயின், அவ்வெண்ணுக்கு ஒருமுறை ஆதாரம் தேவை. அன்றைய நீர்மட்டம் நாளுக்கு நாள் மாறுவது. அதற்கு அதிகாரபூர்வப் பதிவைச் சுட்டுவதோடு, எந்த நாளின் அளவு என்பதையும் வரியிலேயே எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்குரிய பங்கை 177.25 டிஎம்சி என நிர்ணயித்தது என்ற கூற்றுக்குத் தீர்ப்பையே சுட்ட வேண்டும். தீர்ப்பைப் பற்றிய செய்தியைச் சுட்டுவது இரண்டாம்தரச் சான்றாகும். இவ்வாண்டு திறப்பு தாமதமானதால் நாற்றங்கால் பாதிக்கப்படும் என்று வேறொருவர் எழுதியதை ஏற்றோ மறுத்தோ பேசினால், அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே வாசகர் காணும் வழியைத் தருவது நியாயத்தின்பாற்பட்டது. மறுக்கும்போது அது இன்னும் கட்டாயமாகிறது. டெல்டா, குறுவை, மதகு ஆகிய சொற்களுக்கு அகராதிச் சுட்டி வேண்டியதில்லை; விளக்கம் தேவைப்படும் வாசகர் இருப்பார் எனக் கருதினால் அரைவரியில் விளக்கிவிடலாம்.

இந்த மேட்டூர்க் கட்டுரையில் கட்டாயச் சுட்டிகள் நான்கு. கட்டுரை ஐந்நூறு சொல்லாயினும் இரண்டாயிரம் சொல்லாயினும், கூற்றுகள் இவையேயாயின் எண்ணிக்கை மாறாது. நீளத்தைக் கொண்டு எண் வகுக்கும் விதிகள் பிழைபடுவது இதனால்தான். இதிலிருந்து கீழெல்லையும் மேலெல்லையும் தெளிவாகின்றன. எழுதுபவரின் சொந்த அறிவுக்கு அப்பாற்பட்டதும், வாசகர் ஐயுறக்கூடியதும், கட்டுரையின் வாதத்தைத் தாங்குவதுமான ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டுவது கீழெல்லை. எழுதுபவர் தாமே படித்துப் பார்த்த பக்கங்கள், படி சேமித்து வைத்தவை, ஆண்டுக்கொருமுறையேனும் சரிபார்த்துச் செப்பனிட இயல்பவை ஆகியவற்றோடு நின்றுவிடுவது மேலெல்லை. படிக்காத பக்கத்தைப் பெயர் கருதிச் சுட்டுவது, ஒன்றாயினும் பொய்ச்சான்றே.

முடிவுரை

பிற தளங்களைச் சுட்டுவதில் எழுந்த குழப்பங்களுள் பெரும்பாலானவை, வாசகருக்காக ஏற்பட்ட கருவியைத் தேடுபொறிக்கான காசாகக் கருதியதால் விளைந்தவை. அக்கருத்தை விலக்கிவிட்டால், அளவு என்ற வினா ஒவ்வொரு வரியிலும் எழுதுபவர் எழுப்பிக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகளாகச் சுருங்குகிறது: இக்கூற்றை வாசகர் சரிபார்க்க விரும்பினால் எங்குச் செல்வார், அவ்விடத்தை எழுதுபவர் தாமே கண்டாரா, நாளை அவ்விடம் இல்லாமற்போனால் வாசகரிடம் என்ன எஞ்சும். மூன்றுக்கும் விடை இருக்கும் இடத்தில் சுட்டி இருக்க வேண்டும். அவ்விடங்கள் இரண்டாயினும் இருபதாயினும் அதுவே அக்கட்டுரைக்கு உரிய அளவு. தமிழில் சரிபார்க்கத்தக்க எழுத்து பெருக வேண்டும் என்று விரும்புவோர், பிறர் உழைப்பைப் பெயர் சொல்லிக் காட்டவும், காட்டிய வழிகளைப் பழுதுபார்த்து வரவும் இன்றே பழகிக்கொள்வது நலம்.